பாட்டில்ல தண்ணி இருக்கு, ஆனா முயல் குடிக்கல: ஊருக்குப் போற நாள்ல வர்ற கோளாறுங்க

ரங்கூன்ல சித்திரை ஒண்ணும், பர்மாக்காரங்களோட புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவான திஞ்சானும் ஏப்ரல் நடுவுல சேர்ந்தேதான் வரும். ஊரே ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி ஊத்திக்கிட்டு கிடக்கும், நாங்க மூட்டை கட்டிக்கிட்டு பஸ் ஏறி பெகு, தட்டோன் தாண்டி மோல்மேன்ல பெரியப்பா வீட்டுக்குப் போயிடுவோம், எங்க ரெண்டு முயலும், பஞ்சுவும் கருப்பியும், ஆறாவது மாடி வீட்டுல தனியா இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இப்படிப் போனப்பதான் தெருவுல பீப்பாய் பீப்பாயா தண்ணி ஓடுது, எங்க பஞ்சுக்கு மட்டும் ஒன்றரை நாளா ஒரு சொட்டு உள்ள போகல. பாட்டில் காலின்னா கூட மனசு ஆறும். பாட்டில் நிறைஞ்சு இருந்துச்சு, அதான் கொடுமை.

அன்னிலருந்து எங்க போனாலும் எதெது கெட்டுப்போகும்னு ஒவ்வொண்ணா பாத்து வச்சிருக்கேன், அத அப்படியே இங்க எழுதுறேன். உங்களுக்கு என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க, ஆனா புழுக்கை பத்தி எழுதுனத மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. முயல் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50லருந்து 150 மில்லி வரைக்கும் குடிக்கும். வெறும் காஞ்ச புல்லு தின்னா அதிகம், கீரை நிறைய தின்னா கொஞ்சம் கம்மி, வெயில் காலத்துல மேல்பக்கத்துக்கே போயிடும். எங்க ரெண்டும் தலைக்கு ரெண்டு கிலோ பக்கம், அப்ப ஏப்ரல்ல ரெண்டுக்கும் சேத்து அரை லிட்டருக்கு மேல தேவை. கடையில ஒரு அரை லிட்டர் பாட்டில மாட்டிக் குடுத்து மூணு நாளைக்கு வரும்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. இன்னொண்ணு, நான் இங்க எழுதுற எந்த ஏற்பாடும் ஆள் இல்லாம மூணு நாள் ஓட்டுறதுக்கு இல்ல. பாக்க வர்ற ஆள் ஆறு மணி நேரம் லேட்டானா உயிர் போகாம இருக்கத்தான். 24 மணி நேரத்துக்கு மேல மனுசக் கண்ணு படாம முயல விடக்கூடாது, ஏப்ரல்ல காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ.

பாட்டில்ல தண்ணி வச்ச அளவுலயே நிக்குது

இதுதான் நாங்க மாட்டுனது. கீழ மூணாவது மாடி அமாகிட்ட (அமான்னா பர்மியத்துல அக்கா) சாவி குடுத்துட்டுப் போனோம், அவங்க பர்மாக்காரங்க, நல்ல மனசு, தினம் மேல ஏறி வந்து பாத்துட்டு போன்ல வைபர் ஆப்ல ஒரே வார்த்தை அனுப்புவாங்க, "யே ஷிடே". தண்ணி இருக்குன்னு அர்த்தம். முத நாள் சாயந்திரம் யே ஷிடே, மறுநாள் காலைல யே ஷிடே, நானும் பெரியப்பா வீட்டுல வடை தின்னுக்கிட்டு சந்தோசமா ஒரு கட்டைவிரல் படத்தப் போட்டு விட்டுட்டேன். மத்தியானம் என் வீட்டுக்காரிதான் கேட்டா, ரெண்டு முயல் இருக்கு, இந்த வெயில்ல இன்னும் எப்படிங்க தண்ணி இருக்கும்னு. அப்பதான் வயித்துல புளியக் கரைச்சுது. அமாகிட்ட போட்டோ கேட்டேன், நான் கிளம்புறப்ப எந்த அளவுல இருந்துச்சோ அதே அளவு.

என்ன ஆச்சுன்னா, இந்தப் பாட்டில் குழாய் நுனில ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கும், முயல் நாக்கால தள்ளுனா குண்டு உள்ள போகும், தண்ணி வரும், விட்டா குண்டு திரும்ப வந்து அடைச்சுக்கும். அந்தக் குண்டு பக்கத்துல ஒரு புல்லுத் துரும்பு மாட்டிக்கிட்டாலும், உள்ள வழவழன்னு அழுக்கு படிஞ்சாலும், உப்புத்தண்ணி வெள்ளையா படிஞ்சு இறுகுனாலும் அவ்ளோதான், குண்டு நகராது. சில சமயம் குண்டு லேசா ஆடும், நமக்கு டிக் டிக்குன்னு சத்தம் கூட கேக்கும், ஆனா தண்ணி வராது. சத்தத்த நம்பாதீங்க.

பாக்க வேண்டிய விதம் இதுதான்: விரல் நுனியால குண்ட பத்து தடவ தள்ளுங்க, ஒவ்வொரு தடவையும் விரல் நனையணும், பாட்டிலுக்குள்ள ஒரு காத்துக் குமிழி கீழருந்து மேல போறது கண்ணுல தெரியணும். குமிழி போகலன்னா தண்ணி வெளிய வரலன்னு அர்த்தம். விரல் நனைஞ்சு ஆனா குமிழியே இல்லன்னா குழாய்ல இருந்த மிச்சம்தான் வந்துச்சு, நாலு தட்டுல நின்னுடும். அடைப்பு இருந்தா குழாயக் கழட்டி வெந்நீர்ல வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊற வச்சு, காது குடையுற பஞ்சுக் குச்சியால குடைஞ்சு, நல்லா அலசி மாட்டுங்க. ரெண்டு தடவ இப்படி செஞ்சும் திரும்பத் திரும்ப அடைச்சா அந்தக் குழாய தூக்கிப் போடுங்க, ஒரு பாட்டில் வெல மருத்துவர் பீஸ விட எவ்ளோ கம்மி.

குண்டு சரியா இருந்தும் அளவு இறங்கலன்னா பாட்டில எங்க மாட்டியிருக்கீங்கன்னு பாருங்க. பையன் கூண்டக் கழுவிட்டு ஒரு ஜாண் மேல மாட்டிட்டான்னு வைங்க, முயல் கழுத்த அண்ணாந்து குடிக்காது. குழாய் நுனி அதோட வாய்க்குக் கொஞ்சம் மேல இருந்தா போதும். இன்னொரு காரணம், தண்ணியே பிடிக்காம போறது. வீட்டுல எப்பவும் 20 லிட்டர் கேன் தண்ணி குடிச்ச முயலுக்கு பக்கத்து வீட்டுக்காரங்க குழாய்த் தண்ணிய ஊத்துனா மூஞ்ச திருப்பிக்கும். எங்க கருப்பி அப்படித்தான், ராணி அவ. அதனால எந்தக் கேன்லருந்து ஊத்தணும்னு சொல்லி வச்சிட்டுப் போங்க, இல்லன்னா நீங்களே பாட்டில்ல பிடிச்சு வரிசையா வச்சிடுங்க.

பாக்க வர்றவங்ககிட்ட "தண்ணி இருக்கா"ன்னு கேக்கவே கேக்காதீங்க. பாட்டில்ல ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி விடுங்க, வந்தவங்க தண்ணி அளவு எங்க இருக்கோ அங்க ரப்பர் பேண்ட இறக்கி விடணும், அடுத்த தடவ வரும்போது ரப்பர் பேண்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும். இடைவெளி இல்லன்னா உடனே போன். பாஷை தெரியாதவங்களுக்குக் கூட இது புரியும்.

இன்னொரு பாடம், தண்ணி எப்பவும் ரெண்டு விதமா இருக்கணும், ஒரு பாட்டில், ஒரு கனமான கிண்ணம். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு. அன்னிக்கு கிண்ணம் இல்ல, அமா இரக்கப்பட்டு கழுவி ஈரத்தோட போட்ட கசூன் கீரைல (தண்ணில வளர்ற வள்ளைக்கீரை) இருந்த தண்ணிதான் பஞ்சுவ இழுத்துப் பிடிச்சுது.

காலைல நிறைச்ச பாட்டில் மத்தியானமே காலி, கீழ எல்லாம் ஈரம்

முயல் குடிச்சுது போலன்னு நினைச்சு ஏமாறுற இடம் இது. கூண்டுக்கு அடில ஒரு தட்டு வச்சுப் பாருங்க, தட்டுல தண்ணி தேங்குனா அது ஒழுகுனது.

பாட்டில்ல தண்ணி நிக்கிறதே வெளிக்காத்து குழாய் வழியா தண்ணிய மேல தள்ளிப் பிடிக்கிறதாலதான். எங்கயாவது காத்து உள்ள பூந்தா தண்ணி கொட்டிடும். மூடிக்குள்ள இருக்குற ரப்பர் வாஷர் முதல்ல பாருங்க, கழுவும்போது விழுந்து சிங்க்ல போயிருக்கும், இல்ல கோணலா உக்காந்திருக்கும், இல்ல வெடிச்சிருக்கும். நிறைச்சு கவுத்ததும் நாலஞ்சு சொட்டு விழுந்து நின்னா சரி, ஒரு நிமிசம் கழிச்சும் விழுந்தா வாஷர்தான்.

வாஷர் புதுசு, வீட்டுல இருக்கும்போது ஒழுகவே இல்ல, ஊருக்குப் போனா மட்டும் ஒழுகுதுன்னா அது வெயில். பாதி காலியான பாட்டில்ல பாதி காத்து, மத்தியானம் காத்து சூடாகி விரியும், விரிஞ்சா தண்ணிய கீழ தள்ளும், சொட்டு சொட்டா. நாம வீட்டுல இருந்தா அடிக்கடி நிறைச்சிக்கிட்டே இருப்போம், அதனால தெரியாது. பெரிய பாட்டில் வாங்குனா ரொம்ப நாள் வரும்னு நினைக்கிறது இங்கதான் தப்பாப் போகுது, ஒரு லிட்டர் பாட்டில் பாதி ஆகுறப்ப அதுக்குள்ள இருக்குற காத்தும் அதிகம். சின்னதா ரெண்டு மாட்டுங்க, ரெண்டையும் வாய் வரைக்கும் நிறைங்க, பால்கனி வெயில் படாத பக்கம் வைங்க.

பாட்டில் ஓரத்துல பல்லு தடம் இருக்கான்னும் பாருங்க. பிளாஸ்டிக்க கடிக்கிற முயல்னா கூண்டுக்கு வெளிய மாட்டி குழாய மட்டும் உள்ள விடுங்க.

கிண்ணம் கவுந்து கிடக்கு, இல்ல தண்ணிக்குள்ள புல்லும் புழுக்கையும் மிதக்குது

முயலுக்கு பாட்டில விட கிண்ணத்துல குடிக்கத்தான் பிடிக்கும், குனிஞ்சு நக்கிக் குடிக்கிற பிராணி, கிண்ணத்துல வச்சா அதிகமாவும் குடிக்கும். ஆனா போர் அடிச்சா பல்லால தூக்கி வீசும். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், பீங்கான்ல அடி அகலமா, தூக்குனா கை இறங்குற கனத்துல வாங்குங்க. எங்ககிட்ட இருக்குறது தெய்ஞ்சி மார்க்கெட் பக்கம் வாங்குன கல்லு உரல், மிளகு இடிக்கிறதுக்குன்னு வாங்குனது, பஞ்சு அத இதுவரைக்கும் ஒரு இஞ்சு நகத்தல. அம்மாவுக்கு இன்னும் கோவம்.

புல்லு மிதக்குதுன்னா கிண்ணம் புல்லுக் கூடைக்குப் பக்கத்துல இருக்கு, எதிர்மூலைக்கு மாத்துங்க, ஒரு செங்கல் மேல ரெண்டு விரக்கடை உயர்த்தி வைங்க. கழுத்துக்குக் கீழ தாடி மாதிரி மடிப்பு இருக்குற பெண் முயல்னா அது தண்ணில நனைஞ்சே இருந்தா தோல் புண்ணாயிடும், அதுக்கு வாய் சின்னதா இருக்குற கிண்ணம்.

பாட்டிலுக்குள்ள பச்சையா படிஞ்சிருக்கு

வெளிச்சம் பட்ட தண்ணி, பாசிதான். ஒரு கைப்பிடி பச்சரிசியும் கொஞ்சம் வினிகரும் போட்டு நல்லா குலுக்குங்க, அரிசி உள்பக்கம் தேச்சு எடுத்துடும், அப்புறம் மூணு தண்ணி அலசுங்க. பாட்டிலுக்கு ஒரு பழைய சாக்ஸ மாட்டி விட்டா வெளிச்சம் படாது, சூடும் கம்மி. அளவு பாக்க ஒரு பக்கம் நீளமா கிழிச்சு விட மறக்காதீங்க.

புல்லு அப்படியே இருக்கு, தொடக்கூட இல்ல

முதல்ல தண்ணியப் பாருங்க. ஆமா, புல்லுக்குப் பிரச்சனைன்னாலும் முதல்ல தண்ணிதான். தண்ணி உள்ள போகாத முயல் காஞ்ச புல்ல தின்னாது, நமக்குத் தொண்ட காஞ்சு கிடக்குறப்ப ரஸ்க் குடுத்தா எப்படி இருக்கும்.

தண்ணி சரின்னா புல்ல கையில எடுத்து மோந்து பாருங்க. நல்ல புல்லு டீத்தூள் மாதிரி, வெயில் வாசனையா இருக்கும். புளிச்ச வாடை, நனைஞ்ச சாக்கு வாடை, உதறுனா தூசு புகை மாதிரி பறக்குது, நடுவுல கருப்பா வெள்ளையா பூஞ்சை, இதுல எது இருந்தாலும் மொத்தத்தையும் குப்பைல போடுங்க, நல்ல பக்கமா பொறுக்கிக் குடுக்குற வேல வேண்டாம். நம்ம ரங்கூன்ல மே நடுவுலருந்து அக்டோபர் வரைக்கும் மழை விடாது, அந்த ஈரக்காத்துல பிளாஸ்டிக் பையக் கட்டி வச்சா புல்லு உள்ளயே வேர்க்கும். நான் அட்டைப்பெட்டில போட்டு மேல பழைய லுங்கி ஒண்ணப் போத்தி, தரையில படாம நாற்காலி மேல வைப்பேன்.

அடுத்தது, அது புல்லுதானா? சிரிக்காதீங்க. நிறைய பேர் ஹே, அதாவது காஞ்ச புல்லுன்னு வாங்கிட்டு வர்றது வைக்கோல். நெல்லு அடிச்சதுக்கு அப்புறம் மிஞ்சுற தாளு அது, மாடு தின்னும், முயலுக்குப் படுக்கப் போடலாம், சத்துன்னு ஒண்ணும் பெருசா இல்ல. முயலுக்கு வேண்டியது கதிர் முத்துறதுக்கு முன்ன இலையோட அறுத்து காய வச்ச புல்லு. பெட் ஷாப்ல பாக்கெட்ல வர்ற டிமொத்தி அப்படிப்பட்டதுதான், வெல பாத்தா தங்கம், சில மாசம் கிடைக்கவும் மாட்டேங்குது. அதுக்குன்னு ஊருக்குக் கிளம்புற அன்னிக்குப் போய் புது பிராண்ட் வாங்கி மாட்டிட்டுப் போகாதீங்க. புது வாசனைய முயல் ஒரு நாள் ரெண்டு நாள் சந்தேகமா பாக்கும், அந்த ரெண்டு நாளும் நீங்க வீட்டுல இருக்க மாட்டீங்க. பழசும் புதுசும் கலந்து ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க.

புல்லு தட்டுப்பாடுன்னா நாமளே காய வைக்கலாம், மொட்டை மாடில நிழல்ல பரப்பி ரெண்டு மூணு நாள் திருப்பி விட்டா போதும். ரோட்டோரப் புல்லு வேண்டாம், வண்டிப் புகையும் நாய் மூத்திரமும். புல்லு வெட்டுற மெசின்ல விழுந்த தூளும் வேண்டாம், அது குவிச்சு வச்சா சூடாகிப் புளிச்சுடும்.

ஒரு நாளைக்கு எவ்ளோன்னா, அந்த முயல் உடம்பு அளவு ஒரு குவியல், லேசா உதறி விட்டது. அது கணக்கு, ஆனா அதுக்கு மேலதான் வைக்கணும், புல்லு மிச்சம் ஆகுறது தப்பே இல்ல.

புல்லு காலியாயிடுச்சு, ஆனா தின்ன மாதிரி தெரியல

கூண்டு மூலையப் பாருங்க. முயல் தின்னுக்கிட்டே புழுக்கை போடுற பிராணி, புல்லுக் கூடைக்கு நேர் கீழ அதோட கக்கூஸ் தட்டு இருந்தா ரொம்ப நேரம் உக்காந்து தின்னும், அது நல்லது. ஆனா கூடையோட கம்பி இடைவெளி அகலமா இருந்தா ஒரு வாய்க்கு ஒரு பிடி கீழ விழும், மூத்திரம் படும், பட்ட புல்ல தொடாது. அம்பது கிராம் தின்ன அரைக்கிலோ வீண். இடைவெளி ரெண்டு விரல் போற மாதிரி போதும், தல போற மாதிரி இருந்தா ஆபத்து, ஆள் இல்லாத நேரத்துல தலய விட்டு மாட்டிக்கும். வட்டமா கம்பி உருண்டைல புல்லு அடைச்சுத் தொங்க விடுறாங்களே, அத நான் வீட்டுல இருக்கும்போது கூட மாட்ட மாட்டேன். ரெண்டு முயல்னா ரெண்டு குவியல், இல்லன்னா பெருசு சின்னத விரட்டிடும்.

எலியும் ஒரு காரணம். புல்லுக்குள்ள கூடு கட்டும், பெல்லட்ட (கடையில குச்சி குச்சியா வர்ற முயல் தீனி) தூக்கிட்டுப் போகும். பெல்லட் டப்பா தகரமா இருக்கட்டும். எறும்புக்கு, பெல்லட் கிண்ணத்த தண்ணித் தட்டு நடுவுல வைக்கிற பழைய பால் பாத்திர யோசனையே போதும், மருந்துப்பொடி தூவாதீங்க.

புழுக்கை சின்னதாயிடுச்சு, இல்ல காணோம்

இதுல மட்டும் யோசிக்கக் கூடாது. முயலோட குடல் நிக்காம ஓடணும், நின்னா காத்து கட்டும், வலிக்கும், வலிச்சா இன்னும் தின்னாது, ஒரு நாள்லயே உயிர் போயிடலாம். நல்ல புழுக்கை கொத்துக்கடலை மாதிரி உருண்டையா, ஒரே அளவா, உடைச்சா உள்ள புல்லுத் தூளா இருக்கும். நிறைய இருக்கும், ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல. அது மொளகு அளவுக்குச் சிறுத்தாலோ, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு கோணலா வந்தாலோ, முடியால கோத்த மாதிரி சங்கிலியா வந்தாலோ, உள்ள ஏதோ நின்னுக்கிட்டு இருக்கு.

அதனாலதான் சொல்றேன், பாக்க வர்றவங்க முயல் போட்டோ அனுப்புனா அழகா இருக்கும், பிரயோசனம் இல்ல. வலி இருந்தாலும் அது காட்டாது, வேட்டைக்குப் பயந்து வாழ்ந்த இனம், கடைசி வரைக்கும் சாதாரணமா உக்காந்திருக்கும். கக்கூஸ் தட்டு போட்டோ கேளுங்க. காலைல தட்ட கொட்டிட்டு சாயந்திரம் எடுக்கணும், சாயந்திரம் கொட்டிட்டு காலைல எடுக்கணும். அமாவுக்கு முதல்ல இது புரியல, இந்த காலாக்காரனுக்கு (இந்திய வம்சாவளிக்காரங்கள அங்க அப்படித்தான் சொல்லுவாங்க) புத்தி பேதலிச்சிடுச்சோன்னு நினைச்சிருப்பாங்க. இப்ப அவங்களே புழுக்கை மேல பத்து காசு நாணயம் மாதிரி ஒரு பட்டன வச்சு அளவோட போட்டோ எடுக்குறாங்க.

பன்னெண்டு மணி நேரமா எதுவும் தின்னல, புழுக்கையும் இல்லன்னா நேரா மிருக மருத்துவர். கூன் போட்டு உக்காந்து பல்ல நறநறன்னு கடிச்சா அது வலி, பன்னெண்டு மணி நேரம் கூட காக்க வேண்டாம். வாய்க்குள்ள பலவந்தமா தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். மருந்துக் கடைல மனுசனுக்குக் குடுக்குற அமாக்ஸிசிலின் மாத்திரைய உடைச்சுக் குடுத்துடாதீங்க, அந்த பென்சிலின் வகை வாய்வழியா போனா முயல் குடல்ல இருக்குற நல்ல கிருமிய எல்லாம் அழிச்சு முயலையே கொன்னுடும். திஞ்சான் நாள்ல கிளினிக் பாதி மூடியிருக்கும், எது திறந்திருக்கும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே போன் போட்டுக் கேட்டு நம்பர சாவியோட கட்டிக் குடுங்க. நாங்க அத செய்யல. மோல்மேன்லருந்து ராத்திரி பஸ் பிடிச்சு விடியக்காலைல அவுங் மிங்கலா பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி, வண்டி கிடைக்காம, தண்ணி பீய்ச்சுறவங்க நடுவுல நனைஞ்சுக்கிட்டு வீடு வந்து சேந்தோம். பஞ்சு மூலைல உக்காந்திருந்தான், தட்டுல ஏழே ஏழு புழுக்கை, கடுகு மாதிரி. மூணாவதா போன கிளினிக் திறந்திருந்துச்சு, தோலுக்கு அடில தண்ணி ஏத்துனாங்க, மறுநாள் சாயந்திரம்தான் ஒரு புல்ல இழுத்துச்சு.

பின்பக்கம் ஒட்டிக்கிட்டு மெத்துனு இருக்கு

திராட்சைக் கொத்து மாதிரி மினுமினுன்னு இருக்குறது வேற, அது நோய் இல்ல, முயல் அத தானே திரும்பத் தின்னும், தின்னாம கிடந்தா பெல்லட்டோ இனிப்போ அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். ஊருக்குப் போறவங்க பாவம் பாத்து பெல்லட் கிண்ணத்த குவிச்சு வச்சிட்டுப் போவாங்க, முயல் மூணு நாளைக்கு வச்சுக்கிட்டு தின்னாது, முத ராத்திரியே முடிச்சிட்டு புல்ல திரும்பிப் பாக்காது. வேள வேளைக்கு சின்னப் பொட்டலமா கட்டி மேல கிழமை எழுதி வைங்க.

திஞ்சானுக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு, மொன்லோன்யேபோ. ஒட்டுற அரிசி (ஸ்டிக்கி ரைஸ்) மாவு உருண்டைக்குள்ள வெல்லம் வச்சு தண்ணில வேக வைக்கிறது, தெருவுல எல்லாரும் எல்லாருக்கும் குடுப்பாங்க, அமா பேரன் பாசமா கருப்பிக்கும் ஒண்ணு குடுத்துட்டான். ரெண்டு நாள் கழிச்சல். கூண்டு மேல ஒரு தாள் ஒட்டி புல்லு, தண்ணி, இந்தப் பொட்டலம் தவிர எதுவும் வேண்டாம்னு பர்மியத்துல எழுதி வைங்க. தண்ணி மாதிரியே போனா அதுவும் மருத்துவர்தான். பின்பக்கம் அழுக்கோட இருந்தா ஈ முட்ட போடும், இந்தச் சூட்டுல ஒரே நாள்ல புழுவாயிடும், அதனால பாக்க வர்றவங்க தூக்கி ஒரு தடவ பின்னாடி பாக்கணும்.

கரண்ட் போச்சு, காது கொதிக்குது

இது ரங்கூன்ல கோளாறே இல்ல, நித்தியப்படி. ஏப்ரல்ல நாற்பது டிகிரி பக்கம் போற நாள் உண்டு, முயலுக்கு முப்பது தாண்டுனாலே கஷ்டம், அதுக்கு வேர்க்காது, காது வழியாதான் சூட்ட வெளிய விடும். ஃபேன் நின்னா என்ன செய்யும்னு யோசிச்சு ஏற்பாடு பண்ணுங்க: கூண்டுக்குள்ள ரெண்டு டைல்ஸ் போடுங்க, அது மேல படுத்துக்கும். ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணிய உறைய வச்சு துணி சுத்தி உள்ள வைக்கலாம், கரண்ட் இல்லாம ஃப்ரீசரும் உறையலன்னா தெருவுல ஐஸ் கட்டி வாங்கி தெர்மாகோல் பெட்டில வச்சிட்டு வர்றவங்கள மாத்தச் சொல்லுங்க.

மறந்துபோறது ஒண்ணு, கரண்ட் இல்லன்னா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலன்னா ஆறாவது மாடிக்குத் தண்ணி ஏறாது. வந்தவங்க பைப்ப திறந்தா காத்துதான் வரும். கிளம்புறதுக்கு முன்னாடி பக்கெட் நிறைச்சு மூடி வைங்க.

மூக்கு சுத்தி ஈரம், வாயத் திறந்து மூச்சு, துவண்டு கிடக்குறது, இதெல்லாம் சூடு அடிச்ச அறிகுறி. காத மட்டும் சாதாத் தண்ணியால நனைச்சு, நிழல்ல காத்தாட வச்சு, மருத்துவர்கிட்ட தூக்குங்க. ஐஸ் தண்ணில முக்காதீங்க, அதிர்ச்சிலயே போயிடும். திஞ்சான் விளையாட்டுன்னு முயல் மேல ஒரு குவளை ஊத்துற பசங்களும் இருக்காங்க, தாள்ல அதையும் எழுதுங்க.

வர்றேன்னவங்க வரல

அமா மேல குத்தம் சொல்ல முடியாது. லிஃப்ட் இல்லாத கட்டடம், அவங்களுக்கு முழங்கால் வலி, அந்த வெயில்ல மூணு மாடி ரெண்டு வேளையும் ஏறி இறங்குறதுன்னா. ஒரு தடவ காலைல வரல. அத நாங்க சொல்லிக் கேட்டு அவங்களச் சங்கடப்படுத்தல, அடுத்த வருசம் முயலயே கீழ அனுப்பிட்டோம். ரெண்டையும் சேத்து, பிரிக்காம, அழுக்குத் தட்டக் கூட முழுசா கழுவாம கொஞ்சம் பழைய வாசனையோட, அதே கிண்ணம், அதே பாட்டில், கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே. புது இடத்துல குடிக்குதா தின்னுதான்னு நாம ஊர்ல இருக்கும்போதே தெரிஞ்சிடணும். தெருவுல ஸ்பீக்கர் அலறாத பின்பக்க ரூம்ல வச்சாங்க.

புல்லுப் பெட்டி பெருசு, அத யார் தூக்குறது. நம்ம பால்கனிலருந்து தெருவுக்குத் தொங்குற கயிறு இருக்கே, சாவியும் பேப்பரும் ஏத்தி இறக்க கிளிப்போட, அதுல புல்ல ரெண்டு சாக்கா கட்டி ஆறாவது மாடிலருந்து இறக்குனேன், மூணாவது மாடி பால்கனில அமா பேரன் எட்டிப் பிடிச்சான். அன்னிக்கு சாயந்திரம் வைபர்ல தட்டு போட்டோ வந்துச்சு, பட்டனோட, எண்ணிப் பாத்தா எண்ண முடியல.